அண்டி ஆபீஸில் டெக்னோ

கல்லூரி முடித்த அடுத்த வருடம் நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பூதப்பாண்டியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக ஆன் செய்து, ஊதுபத்தி கொளுத்திவிட்டு உட்கார்ந்தால் முதல் ஆளாகக் குளச்சலிலிருந்து ஒருவர் வருவார்; எனக்கு அவர் குளச்சல்காரர். என் வயதுதான் இருக்கும். துபாயில் இருந்த மாமா கொடுத்த பெரிய ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியிருப்பார். மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதோ ஒன்றை டவுன்லோடு போட்டுவிட்டு, அது சொட்டுச்சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் நாலைந்து நிமிடப் பாட்டுகளை இறக்கிக்கொண்டு போவார்கள். இவர் இறக்குவது ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடக்கூடியது. முக்கால்வாசி இறங்கியிருக்கும்போது கரண்ட் போகும். மறுநாள் வந்து முதலிலிருந்து தொடங்குவார். அதற்காக அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவர் என்னிடம் வந்து, "இது இப்பம் முடிஞ்சிரும். முடிஞ்சதும் ஒரு சிடியில ஏத்தி வைப்பியளா?" என்று கேட்டார். ஏற்றினேன். சரியாகப் பாடுகிறதா என்று பார்க்க ஹெட்போனை மாட்டினேன்.

டும் டும் டும் டும் என்று ஒரே அடி. முன்னிசை போலிருக்கிறது, இப்போது யாராவது பாடுவார்கள் என்று காத்திருந்தேன். சிறிது நேரம் கழித்து, முறத்தில் அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம் அதனுடன் சேர்ந்துகொண்டது. பிறகு அடியில் இன்னொன்று, காதுக்குக் கேட்காமல் வயிற்றுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பாடுகிறவரை இன்னும் காணவில்லை. திடீரென்று அந்த அடி நின்றுபோனது. தூரத்தில் விசில்போல ஒன்று மட்டும் நீண்டு, நீண்டு, மேலே ஏறிக்கொண்டே போனது. மறுபடி டும் என்று விழுந்தபோது என் கால் மேஜைக்கடியில் இருந்த சிபியூவை ஓங்கி உதைத்துவிட்டது. பக்கத்தில் ரயில்வே ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

குளச்சல்காரர் திரும்பி வந்ததும் கேட்டேன். "பாடுகதுக்கு ஆளையே காணல்லியே?"

"ஆளு வராது. இது டெக்னோ. இவ்வளவுதான் பாட்டு."

"இவ்வளவுதானா?"

"பிடிக்கல்லியா?"

"இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் ஒருவழியாக ஒரு கூட்டாளி கிடைத்துவிட்ட சந்தோஷம் தெரிந்தது.

பிறகு அவர்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஐரோப்பாவில் எங்கோ நிலவறைகளிலும் பழைய கிடங்குகளிலும் இதை வாசிக்கிறார்கள். ஒரு இசைத்தட்டு முடிவதற்குள் அடுத்த தட்டின் தாளத்தை அதன்மேல் பொருத்தி, இடைவெளியே இல்லாமல் கொண்டுபோவார்கள். வந்தவர்களில் யாராவது அதைப் பதிந்து இணையத்தில் போடுவார்கள். ரேடியோவில் வராது, கடையில் கிடைக்காது. இதற்கென்றே ஒரு இணையப் பக்கம் இருந்தது. கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் அதில் எழுதுவார்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து யாரும் இல்லை. என்னுடன் படித்த தோழி ஒருத்தி தக்கலையில் நர்ஸாக இருந்தாள். அவளுக்கு ஒரு சிடி கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து போனில், "ஏட்டி, ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம் வரமாட்டேங்கு. காலு ஆடிட்டே கெடக்கு" என்றாள். மூன்று பேரானோம்.

நாலாவது ஆள் வந்தது ஒரு பள்ளித் திருவிழாவில். இங்கே பள்ளி என்றால் கோயில்தான், கடற்கரைக் கத்தோலிக்கக் கோயில். தனக்குப் பழக்கமான மைக்செட் அண்ணன் ஒருவர் அங்கே பாட்டுப்பெட்டி வைக்கிறார் என்று குளச்சல்காரர் என்னையும் தோழியையும் வரச்சொல்லியிருந்தார். மத்தியானம். கொடியேற்றத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மணலில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, அண்ணன் டெஸ்டிங் பார்க்க ஒரு சிடி தேடினார். குளச்சல்காரர் தன் பையிலிருந்ததை நீட்டினார்.

முதல் அடி விழுந்ததும் காயப்போட்டிருந்த கருவாட்டிலிருந்து காக்கைகள் எல்லாம் எழும்பின. பந்தல் தகரம் நடுங்கியது. அண்ணன் ஓடிப்போய் பெட்டியின் முன்னால் கையை வைத்தார். காற்று அவர் சட்டையைத் தள்ளியது. திருமணப் பாட்டும் மாதா பாட்டும் போட்டே பழகிய மனிதர். எங்களைத் திரும்பிப் பார்த்து, "மக்கா, இந்தப் பெட்டிய நான் சொந்தமாட்டு செஞ்சது. இதுக்குள்ள இவ்வளவு கெடக்குன்னு எனக்கே தெரியாம போச்சே!" என்றார்.

கோயில் கணக்கர் வந்து நிறுத்தச் சொல்லும்வரை அது ஓடியது. அன்றைக்கே அண்ணன் சொல்லிவிட்டார். தவக்காலம் வரப்போகிறது, ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது, பெட்டிகள் சும்மாதான் கிடக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்காவது வைத்து முழுசாகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

"தவக்காலத்துல ஆட்டமா அண்ணா?" என்றாள் தோழி. அவளும் கத்தோலிக்கக்காரி.

"ஞாயித்துக்கெழம நோன்புக் கணக்குல வராது பிள்ள. சாமியாருட்ட வேணும்னா கேட்டுப் பாரு."

இடமும் அவரே பிடித்தார். கருங்கல் பக்கம் அவருடைய மச்சானுக்கு ஒரு அண்டி ஆபீஸ் இருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கரண்ட் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

தாளத்தைப் பொருத்த கம்ப்யூட்டர் வேண்டும். எங்கள் யாரிடமும் லேப்டாப் கிடையாது. சென்டர் முதலாளியிடம் கேட்டதும் மூலைக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மானிட்டரைக் குளச்சல்காரர் எடுத்துப்போனார். சிபியூவை நான் முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதைக் கூடத்தில் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்குட்டி?" என்றாள்.

"நாளைக்கு ஒரு பாட்டு புரோகிராம் இருக்கும்மா."

"ஆரு பாடுகா?"

"ஆரும் பாடாது."

"பின்ன?"

"இந்தப் பெட்டிதான் பாடும்."

அம்மா சிபியூவைச் சுற்றிவந்து பார்த்தாள். "நல்லா பாடுமா?" என்று மட்டும் கேட்டாள். காலையில் நான் கிளம்பும்போது அதன்மேல் ஒரு பழைய போர்வையைச் சுற்றிக் கொடுத்தாள். கருங்கல் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள், "பிள்ளைக்குக் காத்தோட்டம் வேணும்லா, முகத்த ஏன் மூடி வச்சிருக்க?" என்று போர்வையை விலக்கப் போனார். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொட்டகை நீளமானது, ஓடு வேய்ந்தது. உள்ளே நுழைந்ததும் வறுத்த அண்டியின் புகைவாசம் இன்னும் அடித்தது. தரையில் வரிசை வரிசையாகப் பழைய மரக்கட்டைகள் கிடந்தன, பெண்கள் உட்கார்ந்து கொட்டை உடைத்த கட்டைகள். அவற்றைச் சுவரோரம் ஒதுக்கினோம். அண்ணன் தன் குட்டியானை வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கினார். எஸ்எம்எஸ் போட்டதில் இன்ஜினியரிங் மாணவர்கள் கொஞ்சம் பேரும், மயிலாடியிலிருந்து கல்வேலை செய்கிற நாலைந்து இளைஞர்களும், தோழியுடன் வேலைபார்க்கும் நர்ஸுகளும் வந்தார்கள்.

குளச்சல்காரர் தொடங்கினார். சப்தம் அருமையாக இருந்தது. ஆனால் ஒருவரும் அசையவில்லை. பையன்கள் ஒரு சுவரிலும் பெண்கள் எதிர்ச் சுவரிலும் கைகட்டிச் சாய்ந்து நின்றார்கள். நடுவில் வெறும் சிமென்ட் தரை. எப்படி ஆடுவதென்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. தனியாக ஹெட்போனில் ஆடிய கால் பத்துப்பேர் முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாட்டு மாறிக்கொண்டே இருந்தது. குளச்சல்காரருக்கு வியர்த்தது, அவர் தலையே நிமிரவில்லை. இரண்டு பையன்கள் டீ குடிக்கிறோம் என்று வெளியே போனார்கள். இது சரிப்படாது என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் வாசலில் ஒரு கூட்டம் பெண்கள் வந்து நின்றார்கள். மாதா கோயிலுக்குக் கட்டிப்போன சேலை. முன்னால் நின்றவர் உயரமான, தலை நரைத்த பெண். மற்றவர்கள் அவரை மூத்தம்மா என்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்து, "ஆபீஸ் தொறந்தாச்சா மக்கா? மெஷின் ஓடுக சத்தம் கேட்டுல்லா வாறோம்" என்றார்.

எல்லோரும் அங்கே வேலை பார்த்தவர்கள். அண்ணன்தான் போய், "இல்லக்கா, இது மெஷின் இல்ல. பிள்ளைக பாட்டு போட்டுக் கேக்குதுவ" என்றார்.

ஒரு நிமிடம் அவர்கள் முகம் வாடியது. பிறகு மூத்தம்மா, "சரி, ஞாயித்துக்கெழம எவளுக்கு வேல வேணும்?" என்றார். பின்னாலிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒதுக்கி வைத்திருந்த கட்டைகளில் தங்கள் தங்கள் கட்டையைத் தேடி எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"பாட்டு எப்பம் வரும்?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

"இதுதான் பாட்டு."

"ஓ. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

கொஞ்ச நேரத்தில் ஒருவர் கைதட்டத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்தார்கள். மூத்தம்மா சுவரில் சாய்ந்திருந்த என் தோழியைப் பார்த்து, "ஏட்டி, கையும் கட்டிட்டு நிக்கியதுக்கா இவ்வளவு தூரம் வந்தியா? கிறிஸ்மஸுக்கு கரோல் போகும்ப ஆடமாட்டியா?" என்று கேட்டு அவள் கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதும். கரோல் ஆட்டம் எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? டிசம்பரில் டிரம் அடித்துக்கொண்டு வீடுவீடாகப் போகும்போது குதிக்கிற அதே குதி. தோழி குதித்தாள். நர்ஸுகள் குதித்தார்கள். பையன்கள் சுவரை விட்டு வந்தார்கள். மயிலாடிக்காரர்களில் ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோயில் கொடைத் திருவிழாவில் ஆடுவதுபோல ஆட, அவரைச் சுற்றி வட்டம் கட்டினார்கள். எப்போது நான் நடுவில் வந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அந்த விசில் மேலே ஏறி, எல்லோரும் கையைத் தூக்கிக் காத்திருந்து, அடி விழுந்தபோது ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. வாய்விட்டுக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்த உச்சத்தில் கரண்ட் போனது.

அந்த வருடம் கரண்ட் போகாத நாளே கிடையாது. இருந்தாலும் எல்லோரும் "ஐயோ" என்று அலறினோம். ஆனால் பெண்கள் கைதட்டுவதை நிறுத்தவில்லை. இரண்டு பேர் கட்டையை எடுத்துத் தரையில் தட்டினார்கள். டும், டும், டும், டும். நின்ற கால்கள் மறுபடி அசைந்தன. அண்ணன் வெளியே ஓடி வண்டியிலிருந்த ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். இழுக்க இழுக்க அது இருமிவிட்டுப் படுத்தது. உள்ளே ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் ஜெனரேட்டர் உயிர்பெற்று உறுமியது. சிபியூ ஆன் ஆகி, திரை வெளிச்சம் வந்து, எல்லாம் திறக்கிறவரை அந்தக் கைத்தட்டல்தான் எங்களைத் தாங்கியது.

குளச்சல்காரர் ஹெட்போனை ஒரு காதில் வைத்து மறு காதைப் பெண்கள் பக்கம் திருப்பினார். அவர்கள் தட்டியது அவருடைய பாட்டைவிடக் கொஞ்சம் நிதானம். திரையில் வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார், கொஞ்சம் கூட்டினார். அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு அழுத்தினார்.

பெட்டியின் அடி கைத்தட்டலின்மேல் அப்படியே உட்கார்ந்தது. ஒரு இழை பிசகவில்லை. ஒரு கணம் யாராலும் நம்ப முடியவில்லை. அதன்பிறகு எழுந்த சத்தத்தைக் கேட்டு ரோட்டில் போன பஸ்ஸே நின்றுவிட்டதாகப் பிற்பாடு அண்ணன் சொன்னார். மூத்தம்மா கட்டையை விட்டு எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். குளச்சல்காரர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா வேறு எதுவுமா, நான் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும் வந்தன. இலை நறுக்குகளில் வைத்துத் தின்றோம். நோன்பு, ஞாயிறு என்ற பேச்சு ஒருமுறை எழுந்து, மீன் இறைச்சிக் கணக்கில் வராது என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லி அடங்கியது. "அடுத்தது எப்பம் மக்கா?" என்றார் மூத்தம்மா போகும்போது. "சொல்லி அனுப்புங்க. சோறு வடிச்சி வச்சிட்டு வரணும்லா."

அந்த வருடமும் அடுத்த வருடமும் பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தன. அந்த இணையப் பக்கத்தில் நான் முதன்முதலாக எழுதினேன். கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஆட்கள் இருக்கிறோம் என்று. கொச்சியிலிருந்து இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு பஸ் பிடித்து வந்தார்கள். கரோல் ஆட்டம் கற்றுக்கொண்டு போனார்கள். பிறகு கொட்டகையை ஒரு மலேசியா ரிட்டர்ன்காரர் வாங்கினார், அண்டி ஆபீஸ் உண்மையாகவே திறந்தது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் மறுபடி வேலைக்குப் போனார்கள். எங்களுக்கு இடம் போனதில் ஒருவருக்கும் வருத்தமில்லை.

குளச்சல்காரருக்கு மாமா விசா அனுப்பினார். ஓட்டலில் வேலை, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அங்கே பாட்டு போடுகிறவருக்கு உதவியாள். அவர் விமானம் ஏறுவதற்கு முன் நாங்கள் நாலு பேரும் குட்டியானையில் பேச்சிப்பாறைக்குப் போனோம். பின்தட்டில் இரண்டு பெட்டிகளைக் கட்டி வைத்து, அவற்றுக்கு நடுவில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டோம்; அண்ணன் வண்டி ஓட்டினார். ரப்பர் தோட்டங்களுக்குள் சாலை வளைந்து வளைந்து போனது. பாட்டு ஓடியது. மரத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கத்தியுடன் நிமிர்ந்து பார்த்தார்கள். தோழி அவர்களுக்குக் கை காட்டினாள், அவர்களும் காட்டினார்கள்.

அணைக்கு அருகில் மழை பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு தார்ப்பாய்தான் இருந்தது. "பெட்டிய மூடு மக்கா, பெட்டிய மூடு!" என்று அண்ணன் முன்னாலிருந்து கத்தினார். மூடினோம். பாட்டை மட்டும் நிறுத்தவில்லை. தார்ப்பாய் ஒவ்வொரு அடிக்கும் உப்பி உப்பித் தாழ்ந்தது. நாங்கள் நனைந்துகொண்டே ஆடினோம்.