எங்கள் மேட்டில் எழுந்த தொட்டி

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நானும் என் வீட்டுக்காரரும் அங்கே பல வருடங்கள் தண்ணீர் விற்றுப் பிழைத்தோம். சுற்றிலும் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். எங்கள் மேட்டுக்காட்டில் மட்டும் நல்ல தண்ணீர் வாய்த்தது. அவர் டிராக்டரில் டேங்கரை மாட்டி ஓட்டுவார். போன் எடுப்பதும், யார் வீட்டுக்கு முதலில் போவது என்று சொல்வதும் என் வேலை.

ஊரில் பஞ்சாயத்துத் தொட்டி ஒன்று இருந்தது. நான் வாக்கப்பட்டு வந்தபோதே அது பழசு. தூண்களில் காரை உதிர்ந்து கம்பி தெரியும். மண்ணுக்குள் போன இரும்புக் குழாய்கள் துருவேறி ஓட்டையாகி, ஏற்றுகிற தண்ணீர் கீழத்தெருவுக்குப் போய்ச் சேராது. காலையில் வேலைக்குக் கூட்டிப்போகப் பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்குள் குடம் நிறையாவிட்டால் பெண்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சூலக்கரையில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுக்காத வருடம் கிடையாது. எப்போதாவது வருகிற நிதி குழாயில் ஒட்டுப் போடவும் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடிக்கவும்தான் காணும்.

ஊருக்குத் தண்ணீர்க் கஷ்டம் என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம் என்று சிலர் பேசுவார்கள். எங்கள் போர் வற்றிக்கொண்டு வந்தது அவர்களுக்குத் தெரியாது. ஆழப்படுத்தியும் பார்த்தோம். கோடை வந்தால் பாதி டேங்கர் நிறைவதற்குள் மோட்டார் திணறும்.

ஒரு சித்திரையில் மேலத்தெருவில் கல்யாணம். அதே காலையில் கீழத்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். இரண்டு வீட்டிலும் தண்ணீர் கேட்டுப் போன் வந்தது. மோட்டாரைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்று வெறும் காற்று வந்தது. அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எந்த வீட்டுக்கு என்று நான்தான் சொல்ல வேண்டும். கடைசியில் கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எம்புட்டு இருக்கு மதினி?"

"அரை டேங்கர்கூட இல்ல."

"அப்ப அங்கன கொண்டு போங்க. அவரைக் குளிப்பாட்டணும்ல. சமையலுக்கு நாங்க கம்பெனியில கேட்டு வாங்கிக்கிறோம்."

அவள் தயங்காமல் சொல்லிவிட்டாள். நான்தான் மோட்டார் அறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அதற்கு அடுத்த வருடம் கிராம சபையில் அந்தச் செய்தி வந்தது. பள்ளிக்கூட மரத்தடியில் கூடியிருந்தோம். பொறியாளர் எழுந்து, இந்த முறை ஒட்டு வேலை இல்லை, புதுத் தொட்டி, ஊர் முழுக்கப் புதுக் குழாய், வீட்டுக்கு வீடு இணைப்பு, ஆற்றுத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்கியாகிவிட்டது என்றார். கைதட்டல் அடங்கியதும் அவர் குரல் இறங்கியது. தொட்டி மேட்டில் நின்றால்தான் கீழத்தெரு வரைக்கும் தண்ணீர் பாயும். அரசு நிலமெல்லாம் பள்ளத்தில் கிடக்கிறது. மேடு என்று இருப்பது ஒரே ஒரு இடம்தான்.

எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

"அவுக எப்பிடிக் குடுப்பாக? அவுக பொழப்புல்ல அது" என்று பின்னால் ஒரு இளவட்டம் முணுமுணுத்தான்.

"ஏலே, சும்மா இருலே" என்று பஞ்சாயத்துத் தலைவி அவனை அடக்கினார். பிறகு எங்களிடம், "யோசிச்சுச் சொல்லுங்க. இடம் அமையலன்னா இந்த நிதி வேற ஊருக்குப் போயிரும்" என்றார்.

வீடு வந்ததும் வீட்டுக்காரரிடம் நானாகக் கேட்டேன்.

"என்ன நெனைக்கிறீக?"

"டேங்கர் போனா டிராக்டர் சும்மாவா நிக்கும்? சிவகாசிக்குப் பட்டாசுப் பெட்டி அட்டை லோடு அடிக்கலாம்."

"அதைக் கேக்கல. மனசுல என்ன ஓடுது?"

"அன்னைக்கு மோட்டார் காத்து வாங்குச்சுல்ல, அதுலருந்து ஸ்விட்சு போடும்போதெல்லாம் இன்னைக்கும் காத்துதான் வருமோன்னு எனக்குப் பயமா இருக்கு. ஒங்கிட்ட எப்பிடிச் சொல்லன்னு இருந்தேன்."

போன் அடித்தாலே அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று நானும் அப்போதுதான் சொன்னேன். மறுநாள் காலையில் இரண்டு பேரும் தலைவி வீட்டுக்குப் போனோம். தொட்டிக்கு வேண்டிய இடத்தைப் பஞ்சாயத்துப் பேருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தோம்.

தொட்டி கட்டும்போது காங்கிரீட்டை நனைக்கத் தண்ணீர் வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் எங்கள் டேங்கரையே வாடகைக்குப் பிடித்தார். காலையும் மாலையும் வீட்டுக்காரர் ரப்பர் குழாயைப் பிடித்துத் தூண்களை நனைப்பார்.

"மாமா, ஒங்க பொழப்பை முடிக்கிற தொட்டிக்கு நீங்களே தண்ணி ஊத்தி வளக்கீகளே!" என்று கம்பெனி வேனில் போகும் பெண்கள் கத்திவிட்டுப் போவார்கள். அவர் வாய்விட்டுச் சிரிப்பார். அப்படி அவர் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நடுவில் அடுத்த தவணை நிதி வரத் தாமதமாகி வேலை நின்றது. தோண்டிய பள்ளங்களில் ஐப்பசி மழை நிரம்பியது. நிலமும் போய்த் தண்ணீரும் வராமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. தலைவி சூலக்கரைக்கு நடையாய் நடந்தார். தை பிறந்தபின் ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

சோதனைக்குத் தண்ணீர் திறந்துவிட்ட அன்று மேலத்தெருவில் ஒரு இணைப்பு பிய்த்துக்கொண்டு தெருவெல்லாம் சேறானது. அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி திறந்தார்கள். நான் கீழத்தெருவின் கடைசி வீட்டில் போய் நின்றேன். குழாய் முதலில் இருமியது. பிறகு கலங்கலாக வந்தது. பிறகு தெளிந்தது.

"அக்கா, இங்கன வாங்க, பாருங்க!" என்று அந்த வீட்டு மருமகள் என் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தாள். ஒரு வாய் குடித்தேன். மருந்து வாடை லேசாக அடித்தது. அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். என்னவோ ஏதோ என்று அவள் காப்பி போடப் போய்விட்டாள்.

இந்தச் சித்திரையில் அருப்புக்கோட்டையில் இருக்கும் என் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. தண்ணீர் கேட்டுப் போன் வரும் என்று கோடையில் ஊரைவிட்டு வெளியே தங்கியதே கிடையாது நான். துணிப்பையோடு போய் இறங்கினேன். பிறந்த பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்:

"எப்பம்மா ஊருக்குக் கிளம்புற? அப்பா தனியா இருப்பாகள்ல?"

"இருக்கட்டும். அவுக அட்டை லோடுக்குப் போயிருக்காக. பிள்ளைக்குத் தலை நிக்கட்டும், மெதுவாப் போறேன்" என்றேன்.