வெட்டுப்பட்டவர்கள் இல்லாத சமாதானக் கூட்டம்

கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைப்பவள் சின்னத்தாய். போன ஐப்பசியில் அவள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் கண்மாய்த் தண்ணீரில் தகராறு முற்றியது. மடையருகே அரிவாளும் கம்பும் புழங்கின. அவள் புருஷன் மொக்கையனுக்கு வலது மணிக்கட்டில் வெட்டு. எதிர் ஊர் சிவனாண்டிக்கு மண்டை உடைந்தது. இருவரையும் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஒரே வார்டில் எதிரெதிர்க் கட்டிலில் போட்டார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர்.

சிவனாண்டியின் மனைவி மாயக்காளும் சின்னத்தாயும் இரண்டு நாள் முகம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சிவனாண்டியை ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். மாயக்காள் இடுப்பில் இருந்த கைக்குழந்தை வீறிட்டது. சின்னத்தாய் எழுந்து போய்க் கையை நீட்டினாள். மாயக்காள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள். ஸ்கேன் முடிந்து அவள் திரும்பியபோது குழந்தை சின்னத்தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மொக்கையன் இடக்கையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தான்.

"ஒங்களுக்கு எம்புட்டு வயலு இருக்குக்கா?" என்றாள் மாயக்காள்.

"வயலா? குடியிருக்கிற வீடே பொறம்போக்கு. ஒங்களுக்கு?"

"எங்களுக்கும் ஒரு குழி நெலங்கூடக் கெடையாது."

"பெறகு எந்தத் தண்ணிக்கு இவுக வெட்டிக்கிட்டாக?" கேட்டவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாயக்காள் தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். ஊருக்குப் பத்துப் பேரை அழைத்திருந்தார்கள். எல்லோரும் நிலக்காரர்கள், ஒருவர் மேலும் கீறல் இல்லை. இரண்டு பெண்களும் சேர்ந்தே போய் வாசலில் நின்றார்கள். தாசில்தார் உள்ளே வரச் சொன்னார்.

"ஐயா, சண்டைக்கு எங்க வீட்டு ஆளுகளத்தேன் கூப்பிட்டாக. சமாதானத்துக்கு யாரும் கூப்பிடல" என்றாள் சின்னத்தாய்.

"ஏத்தா, ஒனக்கு வயலா வாய்க்காலா? வெளிய போ" என்று அதட்டினார் அவள் ஊர் நிலக்காரர்.

"வயலு இல்லண்ணே. ஆனா காஞ்சு போனா மொதல்ல எங்களுக்குத்தேன் வேல போகும். மடையத் தொறக்கையில ரெண்டு ஊருக் கூலிக்காரவுகளும் கூட நிக்கணும். அதையும் எழுதுங்கய்யா."

முறை வைத்து ஊருக்கு ஒரு வாரம் தண்ணீர் என்று முடிவானது. அவள் கேட்டதும் கடைசி வரியாக ஏறியது. போலீஸ் வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது.

பேசியதற்குப் பலனாக அந்த நடவுக்கு உள்ளூரில் அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. மாயக்காள்தான் தன் ஊர் நடவில் அவளைச் சேர்த்துவிட்டாள்.

"என்னைய வெட்டுன ஊர்ல போயா நடுவ?" மொக்கையன் கத்தினான். அவன் விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை.

"ஒங்களச் சண்டைக்குக் கூப்பிட்டு விட்டது நம்ம ஊருதேன்" என்றாள் அவள் மெதுவாக.

 மறுநாள் விடிகாலையில் அவள் கிளம்பியபோது தூக்குவாளியில் அவன் ஊற்றி வைத்த கஞ்சி தயாராக இருந்தது. அதை இடக்கையில் எடுத்துக்கொண்டு, "நட, கம்மாக்கரை வரைக்கும் வாரேன்" என்றான்.