மனாங் பானிங்கின் பாட்டு செனட்டரின் பாட்டான கதை

எப்பிபானியா நுஃபாப்ளே என்று முழுப்பெயர் சொன்னால் எங்கள் ஊரில் பலருக்கு ஆள் பிடிபடாது. மனாங் பானிங், அதாவது பானிங் அக்கா, என்றால் சந்தையில் மீன் விற்கிறவள் வரைக்கும் தெரியும். இலோய்லோ நகரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய எங்கள் ஊரில் கல்யாணம், திருவிழா எதுவானாலும் மேடையில் நின்று பாடுகிறவர் அவர்தான். நான், மெட்டு ஓட ஓட மைக்கில் பாடிக்கொள்கிற வீடியோகே பெட்டி வாடகைக்கு விடுகிறவன். ஒலிபெருக்கியும் என்னுடையது என்பதால் அவர் குழுவோடு எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறேன். வயதில் இளையவன் என்று என்னை டோட்டோ என்பார்.

அவர் கணவர் மனோங் ருஸ்டிகோ, எங்களுக்கு ருஸ்டிகோ அண்ணன், சரக்குக் கப்பலில் சமையல்காரர். கல்யாணமான புதிதில் அவர் கடலுக்குப் போய்விட, தனியாக இருந்த பானிங் ஒரு பாட்டுக் கட்டினார். எங்கள் கினராய்-ஆ மொழியில் எளிய நாலு அடிதான். கப்பலே, அவசரப்படாதே, கடல் கோபமாக இருந்தால் துறைமுகத்திலேயே நில், சோறு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, நான் அடுப்பை அணைக்கவில்லை என்று போகும். ஊருக்குத் திரும்பி அதை முதல்முறை கேட்ட ருஸ்டிகோ, அத்தனை மாசம் அடுப்பை அணைக்காமல் வைத்தால் வீடுதான் எரியும், சமையல்காரன் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, இன்னொரு முறை பாடச் சொன்னாராம்.

வீட்டுக்கு ஒரு மாலுமி இருக்கிற ஊர் இது. பாட்டு எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. கல்யாண விருந்தில் பன்றிக்கறியெல்லாம் தீர்ந்த பிறகு, மணமக்கள் ஆடும் கடைசி ஆட்டம் அதற்குத்தான். பெட்டியில் இல்லாத பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று, அவரைப் பாடவைத்து நானே பதிவு செய்து என் பெட்டியில் ஏற்றிவைத்தேன்.

பானிங்கின் அண்ணன் மகள் ஜேனிலின் காலையில் ஊர் நடுவே பிளாசா மைதானத்தில் பெண்களுக்கு ஆட்ட உடற்பயிற்சி சொல்லித்தருகிறவள். ஒருநாள் அவள் அந்தப் பதிவை வாங்கி, வேகத்தைக் கூட்டி, அடியில் கொட்டுச் சத்தம் சேர்த்து, கையை வீசி இடுப்பை ஒடிக்கிற மாதிரி அடவும் அமைத்துக் கைப்பேசியில் போட்டாள். அது எப்படிப் பரவியதென்று யாராலும் சொல்ல முடியாது. மணிலா பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடினார்கள். ஹாங்காங்கில் வீட்டுவேலைக்குப் போன நம் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் ஆடினார்கள். மொழி புரியாத ஊர்க்காரர்களும் ஆடினார்கள். பானிங் அதைப் பார்த்துச் சிரித்தார். "என் பாட்டுக்கு மூச்சு வாங்குது பாரு டோட்டோ" என்றார். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அந்த வருடம் அதிபர் தேர்தல். எங்கள் நாட்டில் தேர்தல் வந்தால் முதலில் மாறுவது காதில் விழுகிற பாட்டுதான். மேடைப் பேச்சை யார் கேட்கிறார்கள்? எந்த மெட்டுக்குக் குழந்தைகள் ஆடுகின்றனவோ அந்த மெட்டை வைத்திருக்கிற வேட்பாளரின் பெயர் வீட்டுக்குள் நுழைந்துவிடும். வாக்குச்சீட்டில் மூன்றாம் எண் ஒரு செனட்டருக்கு வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அவரை அதிகம் பேருக்குத் தெரியாது.

ஒரு காலை நெடுஞ்சாலையில் அவருடைய பிரசார லாரி வந்தது. ஒலிபெருக்கியில் பானிங்கின் மெட்டு. வார்த்தைதான் வேறு. தட்டு நிறையும், சோறு சூடாக இருக்கும், மூன்றோடு வா, மூன்றோடு வா. லாரியில் நின்ற இளைஞர்கள் ஒவ்வொரு 'மூன்று'க்கும் மூன்று விரலைத் தூக்கினார்கள். பானிங் அப்போது சந்தை வாசலில் மீன் பையோடு நின்றிருந்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் அவர் தோளைத் தட்டி, மனாங், நீங்க செனட்டருக்கே பாட்டு எழுதிட்டீங்களா என்று வியந்தார்கள். நான் எழுதலை என்று அவர் சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டொரு நாளில் கிராமத் தலைவர் கபித்தான் ஃபெர்மின், மணிலாவிலிருந்து வந்த ஒரு பிரசாரப் பெண்ணோடு பானிங் வீட்டுக்கு வந்தார். பிளாசா கூட்டத்தில் பானிங் மேடையேறிப் பாட வேண்டும், புது வார்த்தையோடு. அன்று பானிங் வீட்டு வானொலிப் பெட்டியைச் சரிசெய்ய நான் போயிருந்தேன்.

பானிங் மரியாதையாகத்தான் பேசினார். "அது என் வீட்டுக்காரருக்குப் பாடினது கபித்தான். உங்க கூட்டத்துக்கு வேற ஒண்ணு கட்டித் தரேன்."

அந்தப் பெண் இனிமையாகச் சிரித்தாள். "வேற பாட்டு ஜனங்களுக்குத் தெரியாதே நானாய்." எங்கள் பக்கத்தில் அம்மாவை அப்படித்தான் அழைப்போம்; அதை யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

கபித்தான் ஃபெர்மின் பானிங்கைப் பார்க்கவில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த ருஸ்டிகோவைப் பார்த்தார். "மனோங் ருஸ்டிகோ எப்படி இருக்கார்? நகரத்துக்கு டயாலிசிஸ் போய்ட்டு வர வண்டி ஒழுங்கா வருதா?"

அவ்வளவுதான் கேட்டார். ருஸ்டிகோவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதற்கான உதவி எம்.பி. அலுவலகத்திலிருந்து கபித்தான் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. எம்.பி. செனட்டர் பக்கம். கபித்தான் மிரட்டினார் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் முகத்தில் மெய்யான அக்கறையும் இருந்தது. பானிங் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு, வண்டி ஒழுங்கா வருது கபித்தான் என்றார்.

பாடினார். பிளாசா கொள்ளாத கூட்டம். 'பாட்டின் தாய்' என்று அறிவித்தார்கள். புது வார்த்தையை ஒரு பிழை இல்லாமல் பாடி முடித்தார். செனட்டர் பேசும்போது பாதிக் கூட்டம் கலைந்தது; பானிங்கைத் திரும்பப் பாடச் சொன்னபோது மறுபடி சேர்ந்தது. ருஸ்டிகோ மட்டும் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். மருத்துவமனைத் தொலைக்காட்சியில் பாட்டு வரும்போதெல்லாம், அது எனக்காக எழுதினது என்பாராம். நர்ஸ்கள் நம்பமாட்டார்கள்.

"செனட்டருக்கு நாடு பூரா இருக்கு. எனக்கு ஒரு பாட்டுதான் இருந்துச்சு, அதையும் கேட்டுட்டான் பாரு" என்று ருஸ்டிகோ என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

செனட்டர் ஜெயித்தார். நாட்டின் காதே மாறிவிட்டது. வானொலியில் மெல்லிய பாட்டுக்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் கொட்டுச் சத்தம், எல்லாவற்றுக்கும் விரல் அடவு. என் பெட்டியில் பழைய காதல் பாட்டு போடச் சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள். பள்ளி ஆண்டுவிழாவிலும் மூன்று விரல், குழந்தையின் ஞானஸ்நான விருந்திலும் மூன்று விரல்.

ஆனால் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டுக்கு இடமில்லாமல் போனது. ஒரு விருந்தில் பானிங் பழைய வார்த்தையோடு கடைசி ஆட்டத்துக்குத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் விரலைத் தூக்கி ஆரவாரம் செய்தார்கள். தோற்ற வேட்பாளருக்கு உழைத்தவர் மணப்பெண்ணின் அப்பா. அவர் நேரே வந்து என் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார். இரண்டு வீட்டாரும் நாற்காலியைத் தூக்காத குறை. அதன் பிறகு பானிங்கை அழைக்க வருகிறவர்கள் தயங்கித் தயங்கி ஒன்று சொல்வார்கள்: அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் மனாங். அவர் தலையாட்டுவார்.

செனட்டர் அதிபரான மூன்றாம் வருடம் அரிசி விலை ஏறியது. தட்டு நிறையும் என்று சொன்னவரைத் திட்ட மக்களுக்குக் கையெட்டும் தூரத்தில் கிடைத்தவர் பானிங்தான். சந்தையில் அரிசி வாங்கப் போனால், "மனாங், சோறு இன்னும் சூடாத்தான் இருக்கா? எங்க வீட்டுல பானையே ஆறிப்போச்சு" என்பார்கள். பெரும்பாலும் வேடிக்கையாகத்தான். ஆனால் தினமும். முதலில் பதில் சொல்லிப் பார்த்தார், அது நான் எழுதின வார்த்தை இல்லை என்று. 'சோறு சூடு' உங்க வார்த்தைதானே என்று திருப்பிக் கேட்டார்கள். பிறகு அரிசி வாங்க ஜேனிலினை அனுப்ப ஆரம்பித்தார்.

அந்த வருடக் கடைசியில் ருஸ்டிகோ இறந்துபோனார். நினைவு தப்புவதற்கு முன் மனைவியிடம், என்னைப் புதைக்கும்போது நம்ம பாட்டைப் பாடு, மெதுவாப் பாடு என்று கேட்டிருந்தார். கபித்தான் ஃபெர்மின் அதற்குள் அதிபரின் கட்சியை விட்டு விலகியிருந்தார். அடக்கத்துக்கு முன் என்னிடம் வந்து, அதைப் போடாதே டோட்டோ, ஜனங்க எரிச்சல்ல இருக்காங்க என்றார். நான் பானிங்கிடம் சொன்னேன்.

"உன் பெட்டி வேண்டாம். நானே பாடிக்கிறேன்" என்றார்.

வெயில் சாய்ந்த நேரம். கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் தண்ணீர் தெளித்து முடித்ததும் பானிங் சவப்பெட்டி மேல் கைவைத்துப் பாடத் தொடங்கினார். பழைய வார்த்தை, பழைய நிதானம். குரல் உடைந்திருந்தாலும் சுருதி விலகவில்லை. பெரியவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். முதல் இரண்டு அடி அப்படியே போனது.

அப்போது முன்வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் சேர்ந்து பாட ஆரம்பித்தன. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். தட்டு நிறையும், மூன்றோடு வா என்று மூன்று விரலைத் தூக்கி, இடுப்பை ஒடித்து, பாட்டிக்குத் துணையாக உரக்கப் பாடின. தாய்மார் பாய்ந்து வாயைப் பொத்தினார்கள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மல் போல வெளியே விட்டுவிட்டார். அது பக்கத்தில் தொற்றியது. சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்களின் தோள் குலுங்கியது. கெட்ட மனசோடு ஒருவரும் சிரிக்கவில்லை. ருஸ்டிகோவை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. எனக்கும் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பானிங் மூன்றாவது அடியில் நின்றார். தொடரவில்லை. பிள்ளைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு குழி வெட்டுகிறவரிடம், இறக்கிடுங்க என்றார்.

அன்றைக்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. ஒருமுறை, வீட்டில் தனியாக இருக்கும்போதாவது பாடுவீர்களா என்று கேட்டேன். "வாயத் திறந்தா அவங்க வார்த்தைதான் வருது டோட்டோ. என் வார்த்தைய யோசிச்சு யோசிச்சு எடுக்க வேண்டியிருக்கு" என்றார்.

இப்போது அடுத்த தேர்தல். கபித்தானின் புது வேட்பாளருக்கு மின்டனாவோ பக்கத்து நடனப் பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறார்கள். எங்கே திரும்பினாலும் அதுதான். அடவு, நெஞ்சில் மூடிய கையால் இரண்டு தட்டு. ஜேனிலின் பிளாசாவில் காலைப் பயிற்சிக்கு அதையே வைத்திருக்கிறாள். முழங்கால் வலிக்கு அசைவு வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் பானிங்கும் போகிறார். கடைசி வரிசையில் நிற்கிறார். பாட்டு வந்ததும் எல்லோரையும் போல அவரும் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

உங்களுக்குமா மனாங் என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாரும் தட்டும்போது நான் மட்டும் கையக் கட்டிட்டு நின்னேன், முந்தாநாள். எந்தக் கட்சின்னு கேட்டாங்க" என்றார்.

பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது. அவர் வரிசையில் போய் நின்றுகொண்டார்.