இருமலைக் கேட்டவள்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் பதினான்கு வருடமாக வேலை பார்த்தாள் அவள். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய மருந்தாளுநர். தெருவுக்கு மட்டும் மருந்துக்காரம்மா. உறையில் காலை, இரவு என்று எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவள் நினைத்ததில்லை. யாராவது ஒரு மாத்திரையை முதன்முதலாகத் தொடங்கினால் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வாள். எட்டாம் நாள் கூப்பிட்டு, ஒத்துக்கொள்கிறதா, தலை சுற்றுகிறதா, வயிறு என்ன சொல்கிறது என்று விசாரிப்பாள். விடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்பது அவள் கண்ணால் கண்டது.

அவள் மருந்து விற்கிறாளா மாப்பிள்ளை பார்க்கிறாளா என்று முதலாளி தினம் ஒருமுறையாவது கேட்பார். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

எதிர் நிறுத்தத்தில் வண்டி திருப்பும் பஸ் டிரைவர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், தலைவலி மாத்திரைக்கு அடிக்கடி வருவார். ஒருநாள் அவள் விடாப்பிடியாக உட்கார வைத்து பிரஷர் பார்த்தாள். எண் இருக்கவேண்டியதைவிட வெகு அதிகமாக இருந்தது. அப்போதே டாக்டரிடம் அனுப்பினாள். சாயங்காலம் மருந்துச் சீட்டோடு வந்து நின்றவரின் முகம் செத்திருந்தது.

"ஆபீஸ்ல தெரிஞ்சா ஸ்டியரிங்ல உக்கார விடமாட்டாங்கம்மா. பொண்ணு இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கா."

அவள் சமாதானம் சொன்னாள். தலைவலி நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள். அந்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். வந்தால் டாக்டர் வேறு மாத்திரை மாற்றித் தருவார். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. ஏற்கெனவே மிரண்டு போயிருக்கும் மனுஷனை இன்னும் மிரட்டுவானேன், போனில் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் கூப்பிட்டாள். ஊரெல்லாம் காய்ச்சல், கடை வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஒருநாள்கூட விடவில்லை, உடம்பு நன்றாக இருக்கிறது என்றார் டிரைவர். சொல்லும்போதே இருமினார். தொண்டையைச் சுரண்டுகிற மாதிரி, சளியே இல்லாத இருமல்.

"சளி பிடிச்சிருக்கா அண்ணே?"

"புழுதிம்மா. ரோட்டை வெட்டிப் போட்டிருக்கான்ல."

ரோட்டை உண்மையாகவே வெட்டிப் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் நாணயத்தால் கண்ணாடி மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் நோட்டில் டிரைவரின் பெயருக்கு நேரே சரி என்று குறி போட்டுவிட்டு போனை வைத்தாள்.

ஐந்து வாரம் கழித்து டிரைவரின் மனைவி ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தாள். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றாள். டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினவர் படியிலேயே சரிந்துவிட்டாராம். வலது கை, வலது கால் விளங்கவில்லை. பேச்சு குழறுகிறது. பயணிகள் யாரும் வண்டியில் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல் என்று அதிகாரி ஒருவர் அவளிடமே சொல்லியிருக்கிறார்.

"அட்டையில தினம் ஒரு மாத்திரை குறைஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு. நானும் பார்த்து நிம்மதியா இருந்தேன். டிப்போல அவரோட பெட்டியைக் குடுத்தாங்க. அடியில பூரா மாத்திரை. உரிச்சு உரிச்சுப் போட்டிருக்காரு."

இருமல் தாங்காமல் நிறுத்தியிருக்கிறார். பஸ்ஸில் இருமும்போதெல்லாம் ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். ஒருநாள் மாத்திரை மறந்துபோய், இரண்டாம் நாளும் போடாமல் விட்டுப் பார்த்து, நாளாக ஆக இருமல் தணிந்ததும் காரணம் இதுதான் என்று அவரே முடிவு கட்டியிருக்கிறார். வீட்டில் சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை. இதையெல்லாம் கண்டக்டர்தான் பிறகு மனைவியிடம் சொன்னாராம்.

மருந்துக்காரம்மா வாயை மூடிக்கொண்டு மருந்தைக் கட்டிக் கொடுத்திருக்கலாம். மேசையைச் சுற்றி வெளியே வந்தாள்.

"அக்கா, அவர் இருமினதை நான் போன்ல கேட்டேன். அந்த மாத்திரைக்கு அப்படி வரும்னு எனக்குத் தெரியும். கேட்டும் விட்டுட்டேன்."

டிரைவரின் மனைவி திட்டவில்லை. "தெரியுமா?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு தெரு தள்ளியிருந்த வேறொரு கடையில் மருந்து வாங்க ஆரம்பித்தாள்.

எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறாய் என்று முதலாளி கத்தினார். நீ என்ன டாக்டரா என்று வீட்டுக்காரர் தேற்றினார். இரண்டும் அவளுக்கு ஒன்றுபோலவே கேட்டன. இரண்டு வாரம் யாருக்கும் போன் செய்யவில்லை. பிறகு மறுபடி தொடங்கினாள். என்னென்ன தொந்தரவு வரலாம் என்பதை மருந்து கொடுக்கும்போதே சொன்னாள். போனில் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்று கேட்டாள். நாலு நாள், ஒரு வாரம் என்று ஆட்கள் தயங்காமல் சொன்னார்கள். இவ்வளவு சுலபமா, டிரைவரிடமும் இப்படிக் கேட்டிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலையில், எதிர் நிறுத்தத்துப் பெஞ்சில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியே பார்த்தாள். டிரைவர் வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ரோட்டைக் கடந்து போய் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவர் ஏதோ சொல்ல வந்தார். வார்த்தை உருப்படாமல் எச்சிலோடு வழிந்தது. மனைவி துண்டால் துடைத்துவிட்டாள். மருந்துக்காரம்மாவை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்:

"இப்பக் குடுக்கிற மாத்திரைல கால் வீங்குது. அதுவும் மாத்திரையாலதானா?"

அவள் குனிந்து டிரைவரின் கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, விழுந்தபடியே நின்றது.

"அதனாலயும் இருக்கலாம்க்கா. வேற காரணமும் இருக்கலாம், டாக்டர் பார்க்கணும். நீங்களா நிறுத்திடாதீங்க. இப்பவே நான் பேசுறேன்."

அன்றைக்கே பேசினாள். மறுநாள் டாக்டர் பார்த்து மருந்தை மாற்றினார். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. கையும் பேச்சும் திரும்பவில்லை. டிரைவர் இன்னும் இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். அதுவரை ஒவ்வொரு புது மாத்திரைக்கும் அந்த வீட்டிலிருந்து அவளுக்கு போன் வந்தது. மருந்தை மட்டும் அந்த அம்மாள் வேறு கடையிலேயே வாங்கினாள்.