சண்டையில் ஒரு பிஎச்.டி

போன ஞாயிறு பாப்பாரப்பட்டியில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் மாமனாரின் தம்பி. ரசம் வரும்வரை சும்மா இருந்தார். வந்ததும் ஆரம்பித்தார்.

“ஏம்மா, இந்த வயசுல மறுபடியும் படிக்கிறியாமே? என்ன படிப்பு?”

“பிஎச்.டிங்க சின்ன மாமா.”

“அது தெரியுது. எதுல?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் ஒன்று இருக்கிறது. ‘பல்துறை சார்ந்த, ஆய்வாளரே வடிவமைத்துக்கொண்ட…’ என்று தொடங்கும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இலையை எடுத்துவிடுவார்கள். சுருக்கமாகச் சொன்னேன்.

“சண்டையிலங்க.”

“சண்டையா? அதுக்கு எதுக்கும்மா பஸ் ஏறி யூனிவர்சிட்டி வரைக்கும் போற? எங்க வூட்டுக்கு வா. காலைல காபியிலயே ஆரம்பிச்சிருவோம்!”

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சில மாதங்களுக்கு முன்பு யாராவது இப்படிக் கூப்பிட்டிருந்தால், சிரித்திருக்க மாட்டேன்… பெட்டியோடு போய் இறங்கியிருப்பேன். அப்போது என் ஆராய்ச்சி ஒரு சண்டைக்காகத் தவித்துக்கொண்டிருந்தது.

கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அரூர்க்காரி. தமிழைத் தவிர வேறு தெரியாது. பாலக்கோட்டுப் பக்கம் கல்யாணமாகி வந்தேன். புகுந்த வீட்டில் கன்னடம் பேசுவார்கள். என்னிடம் தமிழ், தங்களுக்குள் கன்னடம். வந்த புதிதில் மாமனாரும் என் வீட்டுக்காரரும் உரக்கப் பேசினால் நான் சமையலறையில் நடுங்குவேன். விசாரித்தால், மாட்டுக்குத் தீவனம் போட்டாயிற்றா என்று கேட்டிருப்பார்கள். இருவரும் மெதுவாகப் பேசினால் நிம்மதியாக இருப்பேன். அதுதான் சண்டை என்று பிறகு தெரியும்!

அன்றைக்கு முளைத்தது இந்தக் கேள்வி. இரண்டு மொழி பேசும் வீட்டில், கோபம் எந்த மொழியில் வரும்?

கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டே பல வருடங்கள் இந்தக் கேள்வியைத் தூக்கித் திரிந்தேன். அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் ஒரு புதுத் திட்டம் வந்தது. எந்தத் துறைக்குள்ளும் அடங்காத ஆராய்ச்சியா? நீங்களே வடிவமைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மாவு நம்முடையது, கல் நம்முடையது. தோசையைத் திருப்ப மட்டும் மூன்று பேர் சம்மதம் வேண்டும். அவ்வளவுதான்.

அந்த மூன்று பேர் — மொழியியல் பேராசிரியை ஒருவர், உளவியல் பேராசிரியர் ஒருவர், குரலின் ஏற்ற இறக்கத்தை அளக்க இயற்பியல் பேராசிரியர் ஒருவர். மூவருமே நல்லவர்கள். ஆனால் நான் யாருடைய மாணவி என்று கேட்டால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். மொழியியல் துறையில் எனக்கு நாற்காலி இல்லை. உளவியல் துறையில் நாற்காலி உண்டு, மேசை இல்லை. இயற்பியல் துறைக் காவலாளி என்னை யாரோ மாணவனின் அம்மா என்று நினைத்து, “ஃபீஸ் கட்ற இடம் அந்தப் பக்கம்மா” என்று அன்பாக வழிகாட்டினார்.

சரி, ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டுமே! முதலில் என் வீட்டையே எடுத்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரிடமும் சம்மதம் வாங்க வேண்டும், ஒலிப்பதிவுக் கருவி எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்று உளவியல் சார் உத்தரவு. நியாயம்தானே? ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்றோடு எங்கள் வீட்டில் சண்டை நின்றுபோனது.

இருபது வருடமாக விடிந்தால் சண்டை போடும் வீடு அது. மோட்டார் போடவில்லை என்று ஒன்று, தக்காளி நாற்று எந்த ரகம் என்று ஒன்று, செருப்பைக் குறுக்கே விட்டதற்கு ஒன்று. இப்போது? “ஏய், காபி எங்க?” என்று கத்தும் என் வீட்டுக்காரர், ஃபிரிட்ஜைப் பார்த்தபடி, “உனக்குச் சிரமம் இல்லன்னா கொஞ்சம் காபி கிடைக்குமாம்மா?” என்றார். எனக்குக் காய்ச்சலா, அவருக்கா என்று சந்தேகமாகிவிட்டது. மாமனார் இருமல் வந்தால்கூட வாசலுக்குப் போய் இருமிவிட்டு வந்தார்.

குழுக் கூட்டத்தில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டேன். தங்களுக்குள் பேசும் கன்னடம்கூட இல்லை, எல்லாம் தமிழ். “அப்பா, இன்னொரு இட்லி வைக்கட்டுங்களா?” “வேணாம்ப்பா, நீ சாப்புடு.” “இல்லப்பா, நீங்க சாப்பிடுங்க.”

இயற்பியல் சார் கண்ணாடியைக் கழற்றினார். “இது வீடா, ரேடியோ ஸ்டேஷனாம்மா?”

அடுத்த கூட்டத்துக்குள் உருப்படியாக ஏதாவது கொண்டுவராவிட்டால் என் பிஎச்.டி பதிவை ரத்து செய்ய வேண்டியிருக்கும் என்று மென்மையாகச் சொன்னார்கள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தாறு வயதில், வீட்டில் யாரும் சண்டை போடவில்லையே என்று அழுத பெண் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூரில் இருக்கும் மாமனாரின் மூத்த மகன் போன் செய்தார். அப்பாவுக்கு முட்டிவலி, தனியாகத் தோட்டத்துக்குப் போகிறார், விழுந்து வைத்தால் என்ன செய்வது, இங்கே அடுக்குமாடி வீட்டில் வந்து இருக்கட்டும் என்றார். கூடத்தில் உட்கார்ந்து பேசினோம்.

“உங்க இஷ்டம்ப்பா” என்றார் என் வீட்டுக்காரர்.

“உங்க எல்லாருக்கும் எது சௌகரியமோ அப்படியே செய்ங்கப்பா” என்றார் மாமனார்.

“மாமாவுக்கு எது நல்லதோ…” என்றேன் நான்.

முடிந்தது! இவ்வளவு பெரிய விஷயம், இவ்வளவு சுருக்கமாக. எங்கள் குடும்பமா இது என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஓசூரிலிருந்து கார் வந்த காலை. பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று கருவியைக் கழற்றி எடுத்திருந்தேன். மாமனார் சட்டை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அவருடைய பையை என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னார்:

“அங்க லிஃப்ட் இருக்குதுப்பா. படியே ஏற வேணாம்.”

மாமனார் ஃபிரிட்ஜின் மேல்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். காலியாக இருந்தது.

“லிஃப்ட்ல ஏறி நான் எங்கடா போறது? மேல போனா என்ன இருக்குது, தக்காளியா காச்சிருக்குது?”

வீடே அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் பதறிப்போய், “சும்னிரப்பா, சும்னிரு” என்று கன்னடத்தில் அடக்கப் பார்த்தார். டிரைவர் வேறு வாசலில் நிற்கிறான்.

“கன்னடத்துல பேசாத! தமிழ்லயே சொல்றேன், அவளுக்கும் காதுல விழட்டும். போகச் சொன்னா போறேன். ஆனா எனக்குப் போக இஷ்டமில்லன்னு இந்த வூட்ல ஒருத்தருக்காவது தெரியணும்!”

“அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?” இப்போது என் வீட்டுக்காரர் குரலும் ஏறியது. “நீங்க சண்டையே போடலயே! சம்மதம்னுதான நெனச்சேன்? நைட்டெல்லாம் தூக்கமில்லாம கெடந்தேன், ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“எப்படிடா சொல்றது? அது மேல உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்குது. அங்க கொண்டுபோய் எல்லாப் புரபசரும் கேப்பாங்க. மாமனாரும் மகனும் இப்படிக் கத்துறாங்களே, நம்ம பாப்பா நல்ல வூட்லதான் வாக்கப்பட்டிருக்குதான்னு நெனைக்க மாட்டாங்க?”

பாப்பா என்றது என்னை.

நான் சட்னிக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். இந்த மனிதர் இத்தனை நாள் வாய்மூடி இருந்தது எனக்காக. என் மானத்தைக் காப்பாற்றத் தன் வீட்டையே விட்டுப் போகத் தயாராகிவிட்டார். நானும் கத்திவிட்டேன். அதுவும் எந்த மொழியில்?

“ஹோகபேடி மாமா! ஹோகவே பேடி!”

போகாதீங்க என்று அர்த்தம். இருபது வருடத்தில் நான் கன்னடத்தில் போட்ட முதல் சத்தம். என் அரூர் உச்சரிப்பைக் கேட்டு மாமனாருக்குக் கண்ணில் நீரும் வாயில் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பையை மகன் கையிலிருந்து பிடுங்கி உள்ளே வைத்தார். பிறகு, அண்ணனிடம் யார் போன் பேசுவது என்பதில் இன்னொரு சண்டை. வந்த கார் சும்மா திரும்பக் கூடாது என்று இரண்டு கூடை தக்காளி ஏற்றி ஓசூருக்கு அனுப்பினோம்.

மாமனாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போனேன். ஒலிப்பதிவு எதுவும் இல்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். கோபம் தாய்மொழியில்தான் வரும் என்று நான் நினைத்திருந்தது தப்பு. யார் காதில் விழ வேண்டுமோ, அவர்களுடைய மொழியைத் தேடிப் போகிறது போலிருக்கிறது என்றேன். இது வெறும் சந்தேகம்தான், இன்னும் பல வீடுகளில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

போச்சு, ரத்துதான் என்று நினைத்தேன்.

“இது முழுக்க மொழியியல்” என்றார் பேராசிரியை.

“கருவியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது? அது உளவியல் இல்லையா?” என்றார் உளவியல் சார்.

“குரல் ஏறியதே, அதை யார் அளப்பது?” என்றார் இயற்பியல் சார்.

இத்தனை நாள் என்னை ஆளுக்கொரு திசையில் தள்ளிவிட்டவர்கள், இப்போது ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். குரல்கள் ஏறின. மூவருக்கும் வீட்டில் தமிழ்தான். ஆனால் சண்டை என்னவோ ஆங்கிலத்தில் நடந்தது! ஏன் என்று திரும்பிப் பார்த்தேன். மேசையின் தலைப்பக்கத்தில், தமிழ் அவ்வளவாக வராத வெளிமாநில டீன் உட்கார்ந்திருந்தார். என் கண்டுபிடிப்புக்கு அதைவிட நல்ல ஆதாரம் எனக்கு எங்கே கிடைக்கும்?

பதிவு நீட்டிக்கப்பட்டது. நான் எந்தத் துறை என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பரவாயில்லை, பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்… உரக்க.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் திடீரென்று எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்களா? சந்தோஷப்படாதீர்கள். யாரோ எதையோ விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் வம்புக்கு இழுத்துப் பாருங்கள்.

இந்தப் பத்தியைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் மாமனாரிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசி வரை படித்துவிட்டு, “நான் அன்னிக்கு அவ்ளோ சத்தமாவா பேசுனேன்?” என்று கேட்டார்.

தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.