முயல் படம் போட்ட பாட்டில்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு பேக்கிங் வேலை. போன வருஷம் ஒவ்வொரு பெட்டியிலும் ஷூ துடைக்கிற லோஷன் பாட்டில் ஒன்றையும் வைக்கச் சொன்னார்கள். பாட்டிலில் முயல் படம், சுற்றிலும் இங்கிலீஷ்.

எட்டாவதோடு நின்றவள் நான். புரியாத எழுத்தைப் பார்த்தால் யாரிடமாவது கேட்டுவிடுவேன். குவாலிட்டி பார்க்கிற சாரைக் கேட்டேன்.

“மிருகத்து மேல டெஸ்ட் பண்ணலன்னு அர்த்தம்மா. முன்னல்லாம் முயல் கண்ணுல ஊத்திப் பாப்பாங்க. பாவம்னு விட்டுட்டாங்க.”

“அப்போ யார் கண்ணுல ஊத்துனாங்க சார்?”

“கசாப்புக்கு வெட்டின மாட்டுக் கண்ணு வீணாத்தானே போவுது? அதுல முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்குமே, அதை லேப்ல எடுத்து மேல ஊத்துவாங்க. மங்கிப்போச்சுன்னா கெமிக்கல் மோசம்.”

“மாட்டுத் தோல்ல ஷூ, மாட்டுக் கண்ணுல டெஸ்ட்டு, போட்டோ மட்டும் முயலுக்கா?” என்றாள் பக்கத்து டேபிள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “டெஸ்ட்ல இன்னா வந்துச்சு சார்?”

“அதெல்லாம் வந்துருக்கும்மா,” என்று போய்விட்டார்.

எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிற அன்றைக்குப் பார்த்து, மூடி சரியாக இல்லாத ஒரு பாட்டிலை அழுத்திவிட்டேன். இடது கண்ணில் தெறித்தது. மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி எரிச்சல். கண் கழுவுகிற குழாய்க்கு ஓடினால், அது புதுசாகவே இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவர் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

“அதைப் பிரிக்காதம்மா, இப்பதான் தொடச்சு வச்சோம்!” சூப்பர்வைசர் கத்தினார். “குடிக்கிற தண்ணில ரெண்டு கை அடிச்சுட்டு வா. வந்துட்டாங்க!”

பையரம்மா நேராக என்னிடம் வந்து கண்ணைக் காட்டி ஏதோ கேட்டார். மேனேஜர் சொன்ன பதிலில் எனக்குப் புரிந்தது ‘மெட்ராஸ் ஐ’ மட்டும்தான். அந்தம்மா பின்னால் நகர்ந்தார். அவர் பின்னால் மேனேஜரும் நகர்ந்தார், தான் சொன்ன பொய்க்குத் தானே பயந்தவர் மாதிரி.

ஆஸ்பத்திரிக்குப் போக ஏறிய வேலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முழு சீட்டும் எனக்கு. அனுபவிக்கத்தான் முடியவில்லை. கண் போய்விட்டால்? ஒற்றைக் கண்ணோடு பேக்கிங்கில் வைத்துக்கொள்வார்களா?

ஆஸ்பத்திரியிலும் மெட்ராஸ் ஐ என்றே சொல்லச் சொல்லியிருந்தார் மேனேஜர். டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். தைரியத்தில் இல்லை, வேறு நோய்க்கு மருந்து போட்டுவிடுவாரோ என்ற பயத்தில். பையிலிருந்து பாட்டிலையும் நீட்டினேன். பின்பக்கம் திருப்பிப் படித்தார்.

“கண்ணுல பட்டா எரியும், ரொம்ப நேரம் தண்ணில கழுவணும்னு போட்டிருக்கேம்மா. கழுவலையா?”

ஆக, செத்த மாடு சாட்சியை ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. எங்கள் கம்பெனியில் முயலைத் தாண்டி யாரும் படிக்கவில்லை.

கண்ணை நன்றாகக் கழுவிவிட்டு, மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். “மேல்தோல் கொஞ்சம் உரிஞ்சிருக்கு. சொட்டு மருந்து போடு, தானா வளர்ந்துடும். பார்வைக்கு ஒண்ணும் ஆவாது.”

சொன்னபடியே ஆறியது. நம்பாமல் பஸ் ஸ்டாண்டில் நின்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, ‘பேரணாம்பட்டு’ போர்டை எழுத்தெழுத்தாகப் படித்தேன். பளிச்சென்று தெரிந்தது. அப்பாடா என்று கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினேன்.

வலது கண்ணில் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதோ?