போனக்காட்டுக் கன்றின் இருமல்

போன வாரம் பழவங்காடியிலிருந்து கரமனைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. ஒரு அம்மாள் ஈரம் சொட்டும் புல்கட்டோடு ஏறினாள். சுமட்டுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் சொல்ல, ஏன், புல்லு சீட்டிலா உட்கார்ந்திருக்கிறது என்று அவள் கேட்க, பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நனைந்த புல் வாசனையும், சுமைக்குக் கண்டக்டர் சொன்ன அந்தச் 'சுமடு' என்ற சொல்லும் சேர்ந்து என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டன. இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய்த் திரும்பி நடந்து வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னால் என்ன.

தாமிரபரணிக் கரையிலிருந்து இந்த மலையாளச் சீமைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். அப்போது மகாராஜா காலம். எட்டாவது வரை படித்திருந்தேன். மலையாளம் ஓர் அட்சரம் தெரியாது. வீட்டில் தமிழ்தான் பேசுவோம் என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தமிழிலேயே பாதி எனக்குப் பிடிபடவில்லை. சாதம் போடும்போது மாமனார் 'மதி' என்பார். போதும் என்று அர்த்தமாம். எனக்குத் தெரிந்த மதி வானத்தில் இருந்தது. அவர் மறுபடி 'மதி, மதி' என்று இலையைக் கையால் மறைக்கும் வரை போட்டுக்கொண்டே இருப்பேன். இதற்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்தேன். அடக்கமான பெண் என்று தெருவில் பெயர் வந்தது.

நான் வாய்விட்டுப் பேசியது ஒரு கிடாரிக் கன்றோடு மட்டும்தான். என் கணவரின் அண்ணா போனக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அவர் அனுப்பியது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஊர்ப் பெயரையே சொல்லிக் கூப்பிட்டோம். "போனக்காடு தண்ணி குடிச்சாளா?" என்பார் மாமியார். கொல்லைத் தொழுவத்தில் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டு எங்கள் ஊர்க் கதையெல்லாம் சொல்வேன். நடுவில் மலையாளத்தில் கேள்வி கேட்காத ஒரே ஜீவன்.

ஆடி மழையில் அது இரும ஆரம்பித்தது. நாலு எட்டு நடந்தால் நின்றுவிடும். கழுத்தை முன்னால் நீட்டி, நாக்கு வெளியே வர, வறட்டு இருமல் இருமும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நாத்தனார் அப்போதுதான் பிள்ளை பெற்று வீட்டிலிருந்தாள். மாடோ மனுஷனோ, விடாமல் இருமினால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே வியாதிதான் நினைவுக்கு வரும். க்ஷயம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள். மாமனார் கொடுமைக்காரர் இல்லை. ஆனாலும் பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. மிருக டாக்டருக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகவும், அவர் வந்து இது வேறே என்று சொன்னால் சரி, இல்லாவிட்டால் சாயங்காலம் மாட்டுத் தரகனிடம் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். தரகனோடு போகிற மாடு எங்கே போகும் என்பது எனக்கு எந்த பாஷையிலும் தெரியும்.

டாக்டர் சைக்கிளில் வந்தார். வீட்டில் ஆண்கள் இல்லை. மாமியார் மடியோடு அடுப்படியில் இருந்தார். தோல் பையோடு வந்தவர் பக்கம் வரமுடியாது. என்னைத் தொழுவத்துக்கு அனுப்பினார். அன்றைக்கென்று கன்று நல்ல பிள்ளை மாதிரி அசையாமல் நின்றது. ஒரு தரம்கூட இருமவில்லை. டாக்டர் அதன் கண்ணைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"சும உண்டோ?"

சுமை! வயிற்றில் சுமை உண்டா என்கிறார். கன்றைக் கேட்கிறாரா, என்னைக் கேட்கிறாரா என்று எனக்கு ஒரு கணம் திக்கென்றது. இருவருக்குமே ஒரே பதில்தான். "இல்லை" என்றேன். அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் பொது. அவர் தலையாட்டினார், பலவீனத்துக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியாக மாமியார், "என்னவாக்கும் கேட்டார்?" என்றார்.

"சுமை உண்டான்னு கேட்டார். இல்லைன்னுட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. "அடி அசடே, சுமன்னா இருமலாக்கும்!" சட்டென்று சிரிப்பு நின்றது. "அதுக்காகத்தானேடி அவரை வரச்சொன்னது. மூணாவதாத்துல பசுவைப் பாக்கப் போயிருப்பார். ஓடு."

அதுவரை அந்தத் தெருவில் நான் தனியாக நடந்ததில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள். நான் போய் நின்று, "சும உண்டு" என்றேன். எல்லோரும் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார்கள். "கன்னுக்கு" என்று அவசரமாகச் சேர்த்தேன்.

"எங்ஙனே?" என்றார் டாக்டர். எப்படி என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் அது எங்கே என்பதற்குச் சமானம். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் புரியாமல் நின்றார். வேறு வழியில்லை. புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, நாக்கை வெளியே தள்ளி, போனக்காடு இருமுகிற மாதிரியே இருமினேன்.

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "ஒந்நு கூடி" என்றார். கையால் ஜாடை காட்டியதில் புரிந்தது. இன்னொரு தரம் இருமினேன்.

அவர் திரும்பி வந்து கன்றைக் கொல்லையில் வேகமாக நடத்தச் சொன்னார். அது இருமியது. விலாவில் காது வைத்துக் கேட்டார். சாணத்தை இலையில் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றார். சாயங்காலம் வந்த தரகனை மாமியார் வாசலோடு அனுப்பிவிட்டார். மாமனார் ஏதோ சொல்ல வந்து, மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் டாக்டர் சொன்னது: "க்ஷயமல்ல. விரயாணு." விர என்றால் புழு; மூச்சுக்குழலில் வெள்ளை நூல் மாதிரி இருக்குமாம். மலையின் ஈரப்புல்லோடு உள்ளே போயிருக்கும், குழந்தைக்கு ஒன்றும் வராது என்று மாமியார் எனக்குத் தமிழில் சொன்னார். ஊசியால் மூச்சுக்குழலிலேயே மருந்து விட்டார்கள். பச்சைப்புல் கிடையாது, காய்ந்த வைக்கோல் மட்டும். நவராத்திரிக்குள் விலா மூடிக்கொண்டது.

அந்த நவராத்திரிக் கொலுவுக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமியார் இந்தக் கதையைச் சொன்னார். முடிவில், மருமகளான என்னைக் காட்டி, "எங்காத்து நாட்டுப்பெண்ணை இருமச் சொல்லுங்கோ" என்பார். நான் இருமுவேன். கல்யாண வீடு, சீமந்த வீடு எல்லா இடத்திலும் இருமியிருக்கிறேன். தெருவில் எனக்குச் சிநேகிதம் கிடைத்தது அப்படித்தான்; மலையாளமும் அவர்களோடு பேசிப்பேசி வந்ததுதான்.

போனக்காடு ஐந்து ஈற்று ஈன்றுவிட்டுப் போனது. தொழுவங்களெல்லாம் வாடகை அறைகளாகிவிட்டன. மாமியார் போய் ஆறு வருஷமாகிறது. அவருக்குப் பிறகு என்னை இருமச் சொன்னவர்கள் யாருமில்லை. பஸ்ஸில் வந்த அன்று சாயங்காலம், வருகிறதா பார்ப்போம் என்று கொல்லையில் நின்று கழுத்தை நீட்டி ஒரு தரம் இருமினேன். நன்றாகவே வந்தது. மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, மழையில் நனைந்ததற்கு என்னைக் கோபித்துக்கொண்டு, ஜீரக வெந்நீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.